ஸ்மார்ட் ஸ்டிக் செய்வதற்கு முன்னால் ஒரு ரயில் டிக்கெட் எடுங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் டிசைன் சொல்லித் தருகிறேன். அடுத்த செமஸ்டரில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆப், கருவி ஏதாவது மாணவர்களைச் செய்ய வைக்கலாம் என்று எண்ணம். பயன்படுத்தப் போகிறவர்களையும் கூட வைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்கிறார்கள். எங்கே தொடங்குவது? முதல் வகுப்பில் கண்ணைக் கட்டி நடக்கவிட்டால் பிள்ளைகளுக்குப் புரியுமா? செய்து முடித்ததும் அவர்களிடம் காட்டி அபிப்பிராயம் கேட்டால் போதாதா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போதாது. முடித்ததும் காட்டினால் "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். போன வீட்டில் கொடுத்த காபியில் சர்க்கரை இல்லாவிட்டாலும் வாயைத் திறக்காமல் குடித்துவிட்டு வருகிற ஊர் இது. நாலு மாதம் தூங்காமல் உழைத்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து "இது எனக்கு உதவாது" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

எனக்கு அப்படிச் சொல்ல ஒருவர் வந்தார், என் அதிர்ஷ்டம். வடசென்னைக் கல்லூரி ஒன்றில் 6 வருஷமாக இதை ஒரு விருப்பப் பாடமாக நடத்துகிறேன். அதற்கு முன்பு கம்பெனிகளில் ஆப்களுக்கு ஸ்கிரீன் வரைந்துகொண்டிருந்தேன். எனக்குக் கண் தெரியும், காது கேட்கும், கை கால் நன்றாக இருக்கிறது. ஆகவே கீழே சொல்வதில் பாதிக்கு மேல் பிறரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு கற்றது.

முதல் வருஷம் நீங்கள் நினைத்திருப்பது போலவேதான் நடத்தினேன். 'பார்வையற்றவர்களுக்கு ஏதாவது செய்யுங்கள்' என்றேன். 6 குழுக்களில் 4 குழு ஸ்மார்ட் ஸ்டிக் செய்துகொண்டு வந்தது. ரிச்சி தெருவில் வாங்கிய ஆர்டுயினோ என்ற சின்ன சர்க்யூட் போர்டு, எதிரில் இருப்பதன் தூரத்தை அளக்கும் ஒரு அல்ட்ராசானிக் சென்சார், ஒரு பஸ்ஸர், எல்லாவற்றையும் டேப் சுற்றிக் கட்டிய ஒரு பிவிசி குழாய். எதிரில் ஏதாவது வந்தால் பீப் பீப் என்று கத்தும். இன்ஜினீயரிங் கல்லூரிகளின் பழைய புராஜெக்ட் அலமாரியைத் திறந்து பாருங்கள், இதே தடி ஒன்றாவது தூசி படிந்து கிடக்கும். கடைசி நாள் விமர்சனத்துக்கு மின்சார ரயிலில் வியாபாரம் செய்கிற பார்வையற்ற ஒருவரைக் கூப்பிட்டிருந்தேன். மாணவர்கள் இப்போது அவரை ரயில் அண்ணன் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். தடியை வாங்கி இரண்டு தரம் சுழற்றிப் பார்த்தார்.

"தம்பி, ஆள் கிட்ட வந்தா இது கத்தும், அதானே? நான் ஏறுற பெட்டில ஆள் இல்லாத எடம் எங்கப்பா இருக்குது? காலைல எட்டு மணி வண்டில ஏறுனா எறங்குற வரிக்கும் இது கத்திக்கினே வரும். எனக்கு காதுதான் எல்லாம். அதுல போயி பீப்பி ஊதுனா எப்பிடி?"

"அப்போ உங்களுக்கு என்னதாண்ணே வேணும்?" என்று கேட்டேன்.

"நாலு மாசம் முன்னாடி கேக்க வேண்டியத இப்ப கேக்குற."

அடுத்த செமஸ்டரில் அவரையே கூட நடத்துகிற ஆசிரியராக வரச் சொல்லிக் கேட்டேன். முதல் வகுப்பு எங்கே என்றேன். "எங்க என்ன? வண்டிலதான்" என்றார்.

கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். பேசின் பிரிட்ஜ் தாண்டினால் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர் என்று வண்டி நின்று நின்று போகும். கடலை மிட்டாய், சார்ஜர் கேபிள், ஆதார் அட்டைக்குக் கவர், ஊக்கு என்று விற்றுக்கொண்டு போகிறவர்களில் பார்வையற்றவர்கள் நிறையப் பேர். மாணவர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினேன். நிபந்தனை மூன்று. டிக்கெட் எடுக்க வேண்டும். வியாபாரத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் எந்த யோசனையும் சொல்லக் கூடாது. மூன்றாவதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம். ஸ்கெட்ச் நோட்டைப் பூட்டி வைக்கச் சொன்ன மாதிரி தவித்தார்கள்.

அப்படிப் போய் வந்தவர்கள் முதலில் கண்டுகொண்டது, அண்ணனுக்கு வழி காட்டத் தேவையில்லை என்பதை. பாலத்தில் ஏறும்போது மாறுகிற சத்தம், வளைவில் பெட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது, இவற்றிலேயே எந்த ஸ்டேஷன் வரப்போகிறது என்று சொல்லிவிடுகிறார். அவரை இடிப்பதெல்லாம் வாசலில் பை வைத்துக்கொண்டு நிற்கும் கண்ணுள்ளவர்கள்தான்.

கஷ்டம் பணத்தில் இருந்தது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். 2016 முதல் வந்த புது ரூபாய் நோட்டுகளில் 100 ரூபாயின் நீளம் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. மூன்றுக்கும் அகலம் ஒன்றே, 66. அதாவது நூற்றுக்கும் இருநூற்றுக்கும் விரல் கண்டுபிடிக்க வேண்டிய வித்தியாசம் 4 மில்லிமீட்டர். ஓரத்தில் தடவிப் பார்க்க மேடான கோடுகள் உண்டு, ஆனால் நாலு கை மாறி வியர்வையில் நனைந்த நோட்டில் அவை தேய்ந்து போயிருக்கும். சின்ன நோட்டுகளில் வேறொரு வேடிக்கை. புது 50 ரூபாய் 135 மி.மீ. நீளம். பழைய 10 ரூபாய் 137. இரண்டும் இன்னமும் புழக்கத்தில் இருக்கின்றன. நீளமாக இருந்தால் பெரிய நோட்டு என்று நம்பினால் ஐம்பதைக் கொடுத்துவிட்டுப் பத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். நோட்டைக் கேமராவில் பார்த்துச் சொல்லும் 'மணி' என்ற ஆப்பை ரிசர்வ் வங்கி 2020-ல் வெளியிட்டது. நல்ல ஆப், இணையம்கூட வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்போது அண்ணன் அதைத்தான் பயன்படுத்துகிறார். ஒரு கையில் மிட்டாய்ப் பெட்டி, ஒரு கை கம்பியில் என்று நிற்கும்போது கேமராவைத் திறக்க மூன்றாவது கை வேண்டும்.

அதற்கு அவரே ஒரு முறை வைத்திருக்கிறார். பத்து விரித்தபடி, இருபது ஒரு மடிப்பு, ஐம்பது நீளவாக்கில் மடிப்பு, நூறு வந்தால் பைக்குள் இருக்கும் இன்னொரு பைக்கு. இப்படி மடித்து வைப்பது உலகம் முழுக்கப் பார்வையற்றவர்களிடம் உள்ள பழக்கம்தான். என் மாணவி ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு வந்து, "சார், அவர் ஏற்கெனவே டிசைன் பண்ணி வச்சிருக்கார்" என்றாள். அந்த வருஷத்தில் என் வகுப்பு உருப்படத் தொடங்கியது அந்த இடத்தில்தான். ஒருவர் தன் கையால் செய்து வைத்திருக்கிற ஏற்பாடு எங்கே வேலை செய்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று பாருங்கள். கைவிடுகிற அந்த இடம்தான் உங்கள் புராஜெக்ட்.

அண்ணனின் ஏற்பாடு கைவிட்ட இடம் யுபிஐ. வாங்குகிறவர்கள் மிட்டாய்ப் பெட்டியில் தொங்கும் க்யூஆர் அட்டைக்கு நேராகப் போனைக் காட்டிவிட்டு "அனுப்பிட்டேண்ணா" என்பார்கள், அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவார்கள். பெரும்பாலானவர்கள் அனுப்பியிருப்பார்கள். சிலருக்குச் சிக்னல் கிடைத்திருக்காது. சிலர் அனுப்பியிருக்கவே மாட்டார்கள். அண்ணன் போனில் திரையில் வருவதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் இருக்கிறது, ஒரு காதில் இயர்போன் மாட்டியிருப்பார். ஆனால் அது வங்கியின் பெயர், பரிவர்த்தனை எண் எல்லாம் வாசித்துவிட்டுத் தொகைக்கு வருவதற்குள் ஆள் பிளாட்பாரத்தில் நடந்துகொண்டிருப்பார். கடைகளில் "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று பேசும் பெட்டி இருக்கிறதே, அதையும் வாங்கிக் கழுத்தில் மாட்டிப் பார்த்திருக்கிறார். ரயில் சத்தத்தில் கேட்கவில்லை, மாத வாடகை வேறு. போனைப் பார்க்க நேரமில்லாத கடைக்காரருக்காக வந்த அந்தப் பெட்டி, உட்கார்ந்து வியாபாரம் செய்கிற பார்வையற்றவர்களுக்கு யாரும் திட்டமிடாமலேயே கிடைத்த நல்ல கருவி என்பதையும் சொல்ல வேண்டும்.

மாணவர்கள் கொண்டுவந்த யோசனை: பணம் வந்தால் சட்டைப் பையில் இருக்கும் போன் அதிரட்டும். முதல் வடிவத்தில் தொகைக்கு ஒன்றாக 9 விதமான அதிர்வு வைத்திருந்தார்கள். தந்தி அடிக்கிற மாதிரி. அண்ணன் அரை மணி நேரம் பொறுமையாக இருந்துவிட்டு, "நான் என்ன போஸ்ட் ஆபீஸா நடத்துறேன்?" என்றார். அவர் விற்பதெல்லாம் பத்து ரூபாய், இருபது ரூபாய்ச் சாமான். பத்து வந்தால் ஒரு தட்டு, இருபது வந்தால் இரண்டு தட்டு, வேறு எதுவாக இருந்தாலும் ஒரு நீள அதிர்வு, நீளமாக வந்தால் மட்டும் காதில் கேட்டுக்கொள்கிறேன் என்று அவரே முடித்துக் கொடுத்தார். 9 மூன்றானது.

அடுத்து அவர் கேட்ட கேள்விக்கு மாணவர்களிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. "பேங்க் மெசேஜ படிக்குதுன்னா ஓடிபியையும் படிக்குமா?" படிக்கும். நோட்டிஃபிகேஷன்களை வாசிக்கிற அனுமதியைக் கொடுத்துவிட்டால் போனுக்கு வருகிற எல்லாவற்றையும் அந்த ஆப் பார்க்கலாம் என்பதுதான் அன்றைக்கு ஆண்ட்ராய்டில் இருந்த நிலைமை. ஒரு வாரம் உட்கார்ந்து மாற்றினார்கள். பணம் வரும் ஒரே ஓர் ஆப்பின் நோட்டிஃபிகேஷனைத் தவிர மற்றதைத் தொடாமல் தள்ளிவிடுகிற மாதிரி செய்தார்கள். அதோடு, இணைய அனுமதியையே ஆப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இணைய அனுமதி இல்லாத ஆப் நேராக இணையத்துக்கு எதையும் அனுப்ப முடியாது. பாதுகாப்பு பற்றி நான் மூன்று வகுப்பு எடுத்தாலும் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் கண்கட்டு வித்தைக்கு வருகிறேன். வேண்டாம். கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நடக்கிறவனுக்குத் தெரிவது, திடீரென்று பார்வை போனால் எப்படித் தடுமாறுவோம் என்பது மட்டும்தான். இருபது வருஷமாகப் பார்வையில்லாமல் வண்டி ஏறி இறங்குகிறவரின் திறமை அதில் எங்கே தெரியும்? அமெரிக்காவில் ஏரியல் சில்வர்மன் என்ற உளவியல் ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார், அவரே பார்வையற்றவர். கண்ணைக் கட்டி நடந்து பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் தனியாக வாழவும் வேலை பார்க்கவும் முடியும் என்பதை முன்பைவிடக் குறைவாகவே நம்பினார்கள். மாணவர்களுக்குக் கரிசனம் வரும் என்று நினைத்துச் செய்கிறோம், அவர்கள் பாவம் பார்த்துவிட்டு வருகிறார்கள். பாவம் பார்க்கிறவன் செய்வது ஸ்மார்ட் ஸ்டிக்.

ஒன்று செய்யலாம். போனில் டாக்பேக்கைப் போட்டு, திரையைக் கறுப்பாக்கிவிட்டு, மாணவர்கள் தாங்களே செய்த ஆப்பில் ஒரு வேலையை முடிக்கச் சொல்லுங்கள். இதில் சோதிக்கப்படுவது ஆப், மனிதர் அல்ல. ஐந்து நிமிஷத்தில் "பெயரிடப்படாத பட்டன், பெயரிடப்படாத பட்டன்" என்று அவர்கள் வேலையே அவர்களைத் திட்டும். கம்ப்யூட்டரில் இதே வேலைக்கு என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது, இலவசம். 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள், மைக்கேல் கர்ரனும் ஜேம்ஸ் டேயும், விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்காகத் தாங்களே எழுதத் தொடங்கியது அது. பயனர் என்றால் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என்ற நினைப்பு மாணவர்களிடம் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

தமிழ் சம்பந்தமாக ஒரு விஷயம், நம் ஆட்கள் மட்டுமே கண்டுபிடிக்கக் கூடியது. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்பில் 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரியும். ஸ்கிரீன் ரீடருக்கு அது அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகள்தான்: எம், கே, செமிகோலன், கே, எச். தமிழ்நாடு அரசு 2010-லேயே, தமிழைத் தமிழாகவே பதிகிற யுனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணை போட்டுவிட்டது, ஆனாலும் சுற்றறிக்கை, கேள்வித்தாள், கோயில் விழா நோட்டீஸ் என்று பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் கல்லூரியின் பாடத்திட்டத் தாளையே முதலில் வாசிக்கவிட்டுப் பாருங்கள். எங்கள் தாள் தேறவில்லை. என் மாணவர்கள் அதை மாற்றிக் கொடுத்ததுதான் அந்தக் கல்லூரியில் இந்தப் பாடம் செய்த முதல் உருப்படியான காரியம்.

காசு. இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். வருகிறவர் உங்கள் பாடத்தின் ஆசிரியர். வெளியிலிருந்து வரும் விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு என்ன கொடுப்பீர்களோ அதையே கொடுங்கள், ஆட்டோ காசு தனியாக. எங்கள் கணக்குப் பிரிவில் "சிறப்பு விருந்தினர் என்று போட்டு ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு கொடுத்துவிடலாமே" என்றார்கள். ஷேர் ஆட்டோக்காரர் பொன்னாடை வாங்கிக்கொள்ள மாட்டார். அண்ணன் ஒரு பகல் வகுப்பில் உட்கார்ந்தால் ஒரு பகல் வியாபாரம் போகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அவரைக் கூப்பிடவே கூடாது என்பதும் அப்படிக் கற்றதுதான். போட்டோ, வீடியோ எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். கல்லூரியின் இணையப் பக்கத்தில் 'கருணையின் கரங்கள்' என்று தலைப்புப் போட்டு அவர் படம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

இடத்தையும் முன்கூட்டியே போய்ப் பாருங்கள். இரண்டாம் வருஷம் கால் ஊன்ற முடியாத ஓர் அக்காவைக் கூப்பிட்டிருந்தேன், பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வகுப்பு மாடியில், லிஃப்ட் ரிப்பேர். கீழே ஒரு அறையைத் திறந்தால் சாய்தளத்தின் வாயிலில் பைக் ஏற்றக் கூடாது என்று சங்கிலி போட்டிருந்தது. ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளமாவது சாய்தளம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. டேப்பை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை அளக்க அனுப்புங்கள். நம் பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் சாய்தளம் என்று இருப்பதெல்லாம் பைக் ஏற்றுவதற்காகப் போட்டது. அதில் சக்கர நாற்காலி ஏறாது, இறங்கினால் நிற்காது. எங்கள் சாய்தளமும் கணக்கில் தேறவில்லை. அன்று வகுப்பு வேப்ப மரத்தடியில் நடந்தது, நன்றாகவே நடந்தது, ஆனால் அக்கா கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றபோது என்னிடம் பதில் இல்லை. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அந்த அக்காவுக்கு மாணவர்கள் முதலில் சொன்னது, எந்தத் தெருவில் பள்ளம், எங்கே சாய்தளம் என்று காட்டும் மேப். "மேப்பு எதுக்குக் கண்ணு? இந்த ஏரியாவுல இருக்கிற பள்ளமெல்லாம் என் இடுப்புக்குத் தெரியும்" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது, ஸ்கூட்டரில் போகும்போது ஊன்றுகோல்கள் நழுவி விழாமல் இருக்க ஒரு பிடி. ரயில்வே கேட் தண்டவாளத்தில் குலுங்கும்போது ஒரு தடவை விழுந்து, பின்னால் வந்தவர் எடுத்துக் கொடுக்கும்வரை வண்டியை விட்டு இறங்க முடியாமல் நடு ரோட்டில் நின்றிருக்கிறார். பிவிசி குழாயை வெட்டி, சைக்கிள் டியூப் ரப்பரை உள்ளே ஒட்டி, ஒரு கையால் அழுத்தி எடுக்கிற மாதிரி செய்தார்கள். ஐந்தாவது தடவைதான் சரியாக வந்தது. வெளியிலிருந்து வந்த பரீட்சையாளர், "இதில் டெக்னாலஜி எங்கே?" என்று கேட்டார். அக்காவைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டச் சொன்னேன்.

காது கேளாதவர்கள் விஷயத்தில் ஸ்மார்ட் ஸ்டிக்குக்கு ஒரு தம்பி இருக்கிறது: சைகையைப் பேச்சாக மாற்றும் கையுறை. 2016-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் அப்படி ஒன்று செய்து 10,000 டாலர் பரிசு வாங்கினார்கள். காது கேளாதவர்களும் சைகை மொழி ஆய்வாளர்களும் உடனே சொன்னது, சைகை மொழியின் இலக்கணம் கையில் மட்டும் இல்லை என்பது. புருவம், வாய், தோள், பார்க்கும் திசை எல்லாவற்றிலும் இருக்கிறது. கேள்வியா, மறுப்பா என்பதையே முகம் சொல்லிவிடும். கையுறைக்கு முகம் தெரியாது. இந்த மாதிரிப் பொருள்களுக்கு லிஸ் ஜாக்சன் என்ற மாற்றுத்திறனாளி வடிவமைப்பாளர் 'டிஸெபிலிட்டி டாங்கிள்' என்று பெயர் வைத்தார்: பார்க்க அழகு, நோக்கம் நல்லது, ஆனால் யாருக்கும் இல்லாத பிரச்சினைக்குத் தீர்வு. எங்கள் வகுப்புக்கு வந்த காது கேளாத பெண் போர்டில் இன்னும் சுருக்கமாக எழுதினாள்: "நான் பேசுவது உங்களுக்குப் புரியவில்லை. கையுறை எனக்கு எதற்கு?" இவர்களோடு வேலை செய்வதானால் சைகை மொழிபெயர்ப்பாளருக்கு முதலிலேயே பட்ஜெட் போடுங்கள். நீண்ட வகுப்பு என்றால் இருவர் வேண்டும், ஒருவரே இரண்டு மணி நேரம் செய்ய முடியாது. அம்மாவையோ தங்கையையோ கூட்டிவரச் சொல்வது வேலைக்கு ஆகாது, அவர்கள் பாதியைச் சுருக்கிச் சொல்வார்கள், மீதியைத் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் துறைத் தலைவர் "இப்படியெல்லாம் பாடம் எங்காவது இருக்கிறதா?" என்று கேட்டால், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சேத் டெல்லர் என்ற பேராசிரியர் 2011-ல் தொடங்கிய பாடத்தைச் சொல்லுங்கள். ஒரு மாணவர் குழு, ஒரு மாற்றுத்திறனாளி, ஒரு செமஸ்டர் முழுக்க. எல்லாப் பார்வையற்றவர்களுக்கும் என்று தொடங்காமல் இந்த ஒருவருக்கு என்று தொடங்குவதுதான் அதன் அடிப்படை. அயல்நாட்டு உதாரணம் வேண்டாம் என்றால் நம் ஐஐடி மெட்ராஸில் சுஜாதா சீனிவாசன் நடத்தும் மையம் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரை எழுந்து நிற்க வைக்கும் 'அரைஸ்' சக்கர நாற்காலி 2019-ல் அங்கிருந்து வந்தது. "இதெல்லாம் சேவைதானே, நாட்டு நலப்பணித் திட்டத்தில் வைத்துக்கொள்ளுங்களேன்" என்றால் சட்டத்தைச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், இடங்களையும் சேவைகளையும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த வழி செய்யும் அணுகல்தன்மை விதிகள் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில் இன்னொரு வழக்கில், வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கக் கண்ணைச் சிமிட்டிக் காட்டச் சொல்லும் கேஒய்சி முறையால் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் வெளியே நிறுத்தப்படுவதைப் பார்த்து, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்றே தீர்ப்பளித்தது. கண்ணைச் சிமிட்டு என்று எழுதிய டிசைனரும் எங்கோ ஒரு வகுப்பில் படித்து வந்தவர்தானே.

மதிப்பெண் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். நான் 100-க்கு 30 மதிப்பெண்ணைக் கூட நடத்துகிறவர் கையில் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் முதலில் பயந்தார்கள். கூட நடத்துகிறவர்கள் கறாராகப் போட மாட்டார்கள், பாவம் பார்த்து எல்லோருக்கும் அள்ளிக் கொடுப்பார்கள் என்று நான் பயந்தேன். இரண்டு பயமும் வீண். மதிப்பெண் கைக்கு வந்த முதல் தடவையே அண்ணன் ஒரு குழுவுக்கு 12 போட்டார். காரணம் கேட்டேன். "மூணு வாட்டி வரேன்னு சொல்லி வரல. கால் மணி நேரம் பிளாட்பாரத்துல நின்னேன்." அதைவிட நியாயமான காரணம் எந்த விடைத்தாளிலும் நான் கண்டதில்லை. தோற்றுப்போன வடிவங்களை எல்லாம் வைத்திருக்கச் சொல்லி அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். அந்த ஊன்றுகோல் பிடியின் முதல் நாலு வடிவங்கள் இன்னும் என் மேஜையில்தான் கிடக்கின்றன.

செமஸ்டர் முடிந்த பிறகு என்ன என்பதையும் முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள். மெரினாவில் சக்கர நாற்காலியோடு கடல் அருகே போக மரப்பாதை வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் நெடுநாள் கேட்டு, 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதை உடைத்துப் போட்டது. பிறகு சரி செய்தார்கள், ஏனென்றால் பொறுப்பேற்க ஒரு மாநகராட்சி இருந்தது. மாணவர்கள் செய்த ஆப்புக்கு யார் இருக்கிறார்கள்? பாஸாகிப் போய்விடுவார்கள், போன் மாறும், ஆண்ட்ராய்டு மாறும். இப்போது நான் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி வாங்குகிறேன்: பழுதானால் யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு நாள், அதற்குப் பிறகு ஆப்பின் புரோகிராம் கோடு யார் கையில். அந்தத் தாளின் ஒரு பிரதி கூட நடத்துகிறவரிடம், அவர் வாசிக்கிற வடிவத்தில்.

அந்தத் தாள் ஒரு தடவை உதவியது. போன வருஷம் அண்ணன் போன் மாற்றினார், அதிர்வு நின்றுவிட்டது. எழுதிய மாணவி இப்போது சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். அண்ணன் அவளைக் கூப்பிட்டு, "இன்னாம்மா, உன் ஆப்பு ஊமையாயிடுச்சு" என்றாராம். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்தாள். தண்டையார்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் சரி செய்தாள். சோதித்துப் பார்க்க எனக்குப் போன் பண்ணி, "சார், அண்ணனுக்கு ஒரு இருபது ரூபாய் அனுப்புங்க" என்றாள். அனுப்பினேன். இரண்டு தட்டு வந்ததா என்று கேட்டேன். போனை வாங்கி அண்ணன் சொன்னார், "வந்துச்சு சார். மிட்டாய் வந்து வாங்கிக்க."